கழுவிய கயிறு

திருவனந்தபுரம்
16.8.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீங்களும் நம் சாயாக்கடையும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீன்கார ஓமனா சேச்சியிடம் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து வந்து சேர்ந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். எனக்குத் தூள்தான் மிஞ்சியது.

"அங்கே என்னதான் படிக்கிறாய்?" என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். இது கடல் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சி. சிப்பியை உங்களுக்குத் தெரியும், தேங்காய் போட்டு வறுப்பீர்களே, அதுதான். தாய்ச் சிப்பி பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். குஞ்சோ கண்ணுக்கே தெரியாமல் நீரோட்டத்தில் மிதந்து, நாள்கணக்கில் அலைந்து, வேறெங்கோ ஒரு பாறையில் போய் ஒட்டும். குளச்சலில் பிறந்தது விழிஞ்ஞத்தில் வளரலாம். அப்படியானால் விழிஞ்ஞத்தை மட்டும் பாதுகாத்துப் பிரயோஜனமில்லை. குளச்சல் பாறையைச் சுரண்டி எடுத்தால் இங்கே வெறும் கல்தான் மிஞ்சும். கடலில் எந்த இடம் எந்த இடத்தை நம்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அதற்காகக் கயிறுகளைக் கடலில் கட்டித் தொங்கவிட்டு, எங்கே எத்தனை குஞ்சு வந்து ஒட்டுகிறது என்று பார்ப்போம். இப்போது அவரவர் கயிற்றைக் கடல்தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு ஹாஸ்டல் பின்வராந்தாவில் வைத்திருக்கிறோம்.

நன்றாகச் செய்கிற ஒருவருக்கு லட்சத்தீவு போகும் ஆராய்ச்சிக் கப்பலில் இடம் உண்டு. நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது அம்மா. கப்பல் கிடைத்தால் இந்தத் துறையிலேயே இருப்பேன். கிடைக்காவிட்டால் டிசம்பரில் வந்து நீங்கள் பார்க்கிற மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவேன்.

அன்பு மகள்,
ஆர்ஷா


விதுரா
23.8.1999

என் மக்களே,

ஸ்தோத்திரம். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பெற்ற பிள்ளை எங்கே போய் ஒட்டும் என்று தெரியாமல் நான் இங்கே முழித்துக்கொண்டிருக்கிறேன். நீ சிப்பிக்குத் தேடுகிறாயாக்கும்!

கடையில் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கொஞ்சம் குறைவு, மழை விடவில்லை. பாலராமபுரத்து வாத்தியார் வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. பையனுக்கு உன் போட்டோ பிடித்துவிட்டதாம். "டிசம்பர் வரைக்கும் பொறுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நான் மாற மாட்டேன்.

அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருகிறேன். மெலிந்திருந்தாய் என்றால் அங்கேயே வைத்துத் திட்டுவேன். அறையைப் பெருக்கி வை.

உன் அம்மா,
சரசம்மா


திருவனந்தபுரம்
1.9.1999

அம்மா,

நேற்று நாங்கள் படகிலிருந்து திரும்பி வந்தபோது நீங்கள் விதுரா பஸ் ஏறிப் போயிருந்தீர்கள். என் கயிறு வெள்ளை வெளேரென்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "அம்மா பிளீச்சிங் பவுடர் வாங்கி வரச் சொல்லி, ரெண்டு மணிக்கூர் தேய்ச்சாங்க" என்று வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார்.

கயிற்றில் இருந்த அந்த வழுவழுப்பு அழுக்கில்லை அம்மா. சிப்பிக் குஞ்சு புதுக் கயிற்றில் எளிதில் ஒட்டாது. கடல்தண்ணீரில் மூன்று வாரம் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் படர்ந்து, வழுக்குகிற கயிறுதான் அதற்குப் பிடிக்கும். அதை நீங்கள் தேய்த்தெடுத்துவிட்டீர்கள். இனி முதலிலிருந்து ஊறப்போட்டால் குஞ்சு வருகிற சீசன் முடிந்துவிடும். மற்றவர்களின் தொட்டிகளும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை நீங்கள் தொடவில்லை. என்னுடையதை மட்டும்தான்.

ஒன்று கேட்கிறேன். தெரியாமல்தான் செய்தீர்களா? கப்பல் கிடைக்காமல் போனால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு என்னைப் பார்க்க வர வேண்டாம்.

ஆர்ஷா


திருவனந்தபுரம்
9.9.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலையில் ஹாஸ்டல் கேட் பக்கத்தில் நம் கடையின் பெரிய அலுமினியப் பானை இருந்தது. ஒரு காது ஒடிந்த பானை, எனக்குத் தெரியாதா? மூடியைத் திறந்தால் உள்ளே கடல்தண்ணீர், அதில் நாறிப்போன, பச்சை படர்ந்த படகுக் கயிறு. தொட்டால் கையில் நிற்கவில்லை, அப்படியொரு வழுக்கல். வாட்ச்மேன் முதலில் மழுப்பினார். பிறகு, "வந்ததைப் பார்த்தேன்னு சொல்லண்டான்னு அம்மா சொன்னாங்க" என்று உடைத்துவிட்டார்.

நான் வர வேண்டாம் என்று எழுதியதற்காகக் கேட் வரைக்கும் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனீர்களா? பானையைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் அறைத்தோழி ரெம்யா என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பாள்.

எங்களுக்குப் பயிற்சி தருகிற தாணுமாலையன் சார் கயிற்றைப் பார்த்தார். மற்றவர்களுடையது போல ஒரே அளவில் ஊறியது இல்லையென்பதால் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனாலும் கட்டு என்றார். ஏற்கெனவே ஒட்டியிருந்த குஞ்சுகளை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். நாளை விழிஞ்ஞத்தில் கட்டுகிறோம். நீங்கள் கழுவியதையும் பக்கத்திலேயே கட்டச் சொல்லியிருக்கிறார்.

பதில் போடுங்கள் அம்மா. திட்டியாவது போடுங்கள்.

ஆர்ஷா


திருவனந்தபுரம்
28.11.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் வராவிட்டாலும் எழுதுகிறேன். நீங்கள் நலமென்று ஓமனா சேச்சி சொல்லித்தான் தெரிகிறது.

கயிறுகளை எடுத்தோம். பானையில் வந்த கயிற்றில் மிளகு தூவியதுபோல் சிப்பிக் குஞ்சுகள். கழுவிய கயிற்றில் தேடித் தேடி ஒன்றிரண்டு. இரண்டையும் மேசையில் போட்டபோது சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். குஞ்சு வரவில்லை என்று நாம் எழுதும் இடங்களில் கயிறுதான் சரியில்லாமல் இருந்திருக்கலாம், அதை நம்பி ஒரு பாறையைக் கைவிட்டுவிடக் கூடாது என்றார்.

கப்பல் இடம் எங்களோடு பயிற்சியில் இருக்கிற சஜினுக்குப் போய்விட்டது. நியாயம்தான், அவன் கணக்கு சுத்தம். ஆனால் ஜனவரியில் வருகிற அடுத்த குழுவுக்குக் கயிறு வேலை சொல்லிக்கொடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருட வேலை. முதல் பாடமே கழுவிய கயிறும் கழுவாத கயிறும்தான்.

நான் இன்னும் சரி சொல்லவில்லை. கப்பல் கிடைக்கவில்லையே, ஒப்பந்தப்படி நான் தோற்றேன். கூப்பிட்டால் வந்துவிடுகிறேன், மனசில்லாமல்தான் என்றாலும். அதைவிட, உங்களிடம் அன்றைக்கு அப்படிக் கேட்டேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
ஆர்ஷா


விதுரா
4.12.1999

என் மக்களே,

ஸ்தோத்திரம். கோபமில்லை என்று எழுதினால் பொய். வேண்டுமென்றே செய்தேன் என்று நீ நினைத்தாயே, அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. நாற்றமடிக்கிற கயிற்றோடு பிள்ளை கிடக்கிறதே என்றுதான் தேய்த்தேன். உன் பெயர் எழுதியிருந்த தொட்டி எது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்தேன். ஊரார் பிள்ளைகளுடைய கயிற்றை நான் எதற்குக் கழுவ?

உன் கடிதத்தை ஓமனாவுக்கு வாசித்துக் காட்டி, "மூணு வாரத்து அழுக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அவள் விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப் போனாள். புதுக் கயிறு ஒரு கட்டு கொடுத்து, படகு கட்டியிருந்த பழைய கயிற்றைக் கேட்டேன். "சேச்சி, தலைக்கு சுகமில்லையா?" என்று அங்கே எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பானையோடு என்னைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சண்டை. "மீன்குழம்புதான் மோனே" என்று சொல்லி ஏறினேன். கர்த்தர் பொறுத்துக்கொள்வார்.

பாலராமபுரத்துக்குச் சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கு, இப்போ கல்யாணமில்லை, வேறே இடம் பாருங்கோ" என்று. நீ தோற்றாய் என்றால் கயிற்றைக் கழுவித் தோற்கடித்தவள் நான்தானே. அந்த ஒப்பந்தம் எனக்கு வேண்டாம். இன்றைக்கே போய் சாரிடம் சரியென்று சொல். மனசில்லாமல் வந்து என் கடையில் நீ உட்கார வேண்டாம், மனசோடு அங்கே இரு.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துவிடு. அந்தப் பானையை மறக்காமல் கொண்டு வா, சாம்பாருக்குப் பாத்திரம் இல்லாமல் திண்டாடுகிறேன்.

விழிஞ்ஞத்துக்குப் போயும் அன்றைக்கு நான் கடலைப் பார்க்கவில்லை மக்களே, தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதா என்று பானையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் உன் பிள்ளைகள் கயிறு கட்டும்போது நானும் ஒருநாள் வந்து கரையில் நிற்கட்டுமா? எதையும் கழுவ மாட்டேன்.

உன் அம்மா,
சரசம்மா