நம் வீட்டுக் குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள்

என் அருமை ரேடியோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தம்பியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உன் அறையில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். முன்பென்றால் இந்த வரியில் உன்னை மட்டும்தான் விசாரித்திருப்பேன். இனி நான்கு பேரையும் சேர்த்துத்தான் விசாரிப்பேன், அதிலும் அந்தக் குறட்டைக்காரியை முதலில் விசாரிப்பேன், நீ பொறாமைப்பட்டாலும் சரி. தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் எனக்குக் கோபம் முதலில் வந்துவிடுகிறது, சொல்ல வந்த விஷயம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது, அதற்குள் நீ சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். இந்த விஷயத்தை நான் கடைசி வரை சொல்ல வேண்டும், நீயும் கடைசி வரை கேட்க வேண்டும், அதனால்தான் கடையை அரை நாள் மூடிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். உன் அம்மாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் அந்த ரிட்டயர்டு வாத்தியார் மூன்றாவது தடவையும் டெஸ்டில் கோட்டை விட்டார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாராம், பின்னால் வருகிறவன்தானே பார்க்கணும் என்று நியாயம் பேசுகிறாராம். உன் தம்பி மீசை முளைக்கிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்க்கிறான். என் கடையில் வழக்கம்போல் சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர்கள், சாவியைப் பூட்டுக்குள் முறித்தவர்கள், இந்த மூன்று ஜாதிதான் வந்துபோகிறது. ரேடியோ எங்கே என்று உன்னைப் பற்றிக் கேட்காத வாடிக்கையாளரே இல்லை. படிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, அது போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வலிப்பு வரும். பார், எழுதிவிட்டேன். ஏழு வருஷமாக நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கே இடம் கிடையாது, அது வந்துச்சா, அதுக்கு மாத்திரை போட்டியா என்று பெயர் சொல்லாமலே காலத்தை ஓட்டினோம், சொந்தக்காரர்களிடம் தலைசுற்றல் என்றோம், பள்ளிக்கூடத்தில் ரத்தம் கம்மி என்றோம். முதல் தடவை வந்தபோது உனக்குப் பதினொரு வயது, குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எந்தக் கதவையும் ஒரு கீறல் படாமல் திறப்பவன் என்றுதான் எனக்குப் பெயர், அன்றைக்குக் கருவிப் பையைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை கீழே விழுந்தது. அம்மா ஒதுங்குங்க என்று கத்தினாள், நான் தோளால் மோதிக் கதவையே பெயர்த்தேன். என் தொழிலில் நான் உடைத்துத் திறந்த ஒரே கதவு நம் வீட்டுக் கதவு. அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த அத்தனை தாழ்ப்பாளையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டேன், ஊரெல்லாம் பூட்டு மாட்டுகிறவன் வீட்டில் ஒரு கொண்டி கூட இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் இன்று வரை கிண்டல் செய்கிறார்கள். குளிக்கும்போது பாட வேண்டும் என்ற சட்டமும், அதனால் உனக்கு ரேடியோ என்ற செல்லப் பெயரும் அப்போது வந்தவைதான். பாட்டு நின்றால் நாங்கள் உள்ளே வருவோம். நீ மட்டும் பாடினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் பாடினோம், என் குரலுக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று அம்மா சொன்னாலும் நான் விடவில்லை. உன் தம்பி உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் குளிப்பார்கள் என்று நினைத்து, பள்ளிச் சுற்றுலாவில் பாடி மானம் போய் வந்தானே, ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விடுதி பார்க்க நாம் இரண்டு பேரும் போனோம். நீ ஜன்னலைப் பார்த்தாய், மரத்தைப் பார்த்தாய், அலமாரி எவ்வளவு பெரியது என்று கையை விரித்து அளந்தாய், நான் கதவுகளை மட்டும் பார்த்தேன். புதுக் கட்டடத்தில் ஒருவருக்கு ஓர் அறை, அறைக்குள்ளேயே குளியலறை, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டு. பழைய கட்டடத்தில் நான்கு பேருக்கு ஓர் அறை, இரட்டைக் கட்டில், நடைபாதைக் கோடியில் பொதுக் குளியலறை, கதவுகளோ நான் பள்ளிக்கூடம் போன காலத்தவை. எனக்குச் சந்தேகமே இல்லை. தனி அறை என்றால் உனக்கு வந்தாலும் யாருக்கும் தெரியாது, யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். என் பேனாவாலேயே தனி அறைக்கு டிக் போட்டேன், உடல்நலக் குறைகள் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஃபாரத்தை நான் கொடுத்துட்டு வரேன்ப்பா, நீங்க டீ குடிங்க என்று வாங்கிக்கொண்டு போனாய், நானும் மடையன் மாதிரி டீ குடித்தேன்.

நீ விடுதியில் சேர்ந்த நான்காவது நாள் வார்டன் அம்மா போன் செய்து உங்க பொண்ணு மாத்திரைய எந்த நேரத்துல போடணும் என்று கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. என் எழுத்தை அடித்துவிட்டு வலிப்பு என்று எழுதி, நான்கு பேர் அறைக்கு டிக் போட்டிருக்கிறாய். போதாததற்கு முதல் நாளே அந்த மூன்று பெண்களையும் கட்டிலில் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருக்கிறாய், வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், போனில் நான் பேசியதை இங்கே திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டியா என்று கேட்டேன். நீ அழவில்லை. அப்பா, கதவுக்கு இந்தப் பக்கம் யாராவது இருக்கணும்ல என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு மூன்று வாரம் சாப்பிட்டியா, தூங்கினியா என்ற இரண்டு கேள்விக்கு மேல் நான் பேசவில்லை. அறையில் ஒருத்தியின் குறட்டைச் சத்தம் தாங்க முடியவில்லை, மேல் கட்டிலே ஆடுகிறது என்று நீ சொன்னபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் கூட வந்தது, பார்த்தாயா நான் சொன்னேனே என்று. இன்னொன்றும் செய்தேன், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். உனக்குத் தெரியாமல், அம்மாவுக்கும் தெரியாமல், என் மகளை எப்படியாவது தனி அறைக்கு மாற்றுங்கள் என்று விடுதி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது அது. இல்லை, வலிப்பு. நீ குளிக்கப் போனால் கதவைச் சும்மா சாத்திவிட்டு மேலே சிவப்புத் துண்டைத் தொங்கப் போடுவாய், யாரும் உள்ளே வர மாட்டார்கள், இது நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் குறட்டைக்காரி வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். உன் பாட்டு நடுவில் அறுந்ததும் வாயில் நுரையோடு பிரஷை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். குழாயை மூடி, உன்னைப் பக்கவாட்டில் திருப்பி, தன் மடியைத் தலைக்குக் கொடுத்து, துண்டால் போர்த்தி, வாசலில் கூடின கூட்டத்தை அதட்டி விரட்டி, ஒருத்தியைக் கடிகாரம் பார்க்க வைத்திருக்கிறாள். வார்டன் அம்மா போன் செய்தபோது என் உயிர் என்னிடம் இல்லை, உடனே பஸ் ஏறப் போனேன், அம்மாதான் பையைப் பிடுங்கி வைத்தாள், அவ கூப்பிட்டா போலாம், கூப்பிடாம போகாதீங்க என்றாள். மத்தியானம் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே உன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அங்கிள், அவ நல்லா இருக்கா, ரெண்டு நிமிஷம் பத்து செகண்டுதான், மாத்திரை போட்டாச்சு, எழுந்ததும் பேசச் சொல்றேன் என்றாள். யாராவது அங்கிள் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அன்றைக்கு இன்னொரு தடவை கூப்பிட மாட்டாளா என்றிருந்தது. நன்றி சொல்லத் தெரியவில்லை எனக்கு, நீ சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஏழு வருஷம் முன்னால் நான் கதவுக்கு வெளியே நின்று பட்ட பாடு அந்தப் பெண்ணுக்கு இல்லை, ஏனென்றால் நீ அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தாய். நான் தேர்ந்தெடுத்த அறையில் நீ இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, வெளியே யாரும் இல்லை. பூட்டுக்காரனுக்கு அது தெரியவில்லை, பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நீ செய்ததுதான் சரி, கண்ணு. நான் பேசியதெல்லாம் தப்பு.

இந்தச் சமயத்தில் பார்த்து நேற்று அலுவலகத்திலிருந்து உறை வந்தது, உங்கள் வேண்டுகோளின்படி தனி அறை காலியாக இருக்கிறது, இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று. அம்மா பிரித்துப் படித்துவிட்டாள், வகையாக மாட்டிக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. என் வண்டியில என் காலுக்கு அடியிலயும் ஒரு பிரேக் இருக்குங்க, முதல் வருஷம் எல்லாத்துக்கும் அதை அமுக்கினேன், என்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தருக்கும் ஓட்ட வரல என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளாஸ் எடுக்கப் போய்விட்டாள். வாத்தியாருக்கு நான்காவது டெஸ்ட் வேறு இருக்கிறது. அந்தப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், நான் கையெழுத்துப் போடவில்லை. உன் அறை உன் இஷ்டம், கிழிப்பதென்றாலும் நீயே கிழி. அலுவலகத்துக்கு வேறு ஒரு கடிதம் போட்டேன், என் மகள் எழுதிய கட்டம்தான் உண்மை, அதற்கு முன்னால் எழுதியது நான், மன்னிக்கவும் என்று.

இனி ஒரு சின்ன விஷயம், இதற்காகத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கிற குளியலறைத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு, உள்ளே போட்டால் கதவு பூட்டிக்கொள்ளும், அவசரமென்றால் வெளியே இருப்பவர் ஒரே திருப்பில் திறக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு இந்த ஏழு வருஷத்தில் நூற்றுக்கு மேல் நானே மாட்டியிருக்கிறேன். என் கடையில் இடது பக்கம் இரண்டாவது தட்டில் எப்போதும் இருக்கும். நம் வீட்டுக்கு ஒன்று மாட்டலாம் என்று ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை, பயம் என் கண்ணை அப்படிக் கட்டியிருக்கிறது. பதினொரு வயதிலிருந்து நீ ஒரு தடவை கூடத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்ததில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. பெரிய பெண்ணாக வளர்ந்த பிறகும் நீ அதைக் கேட்கவில்லை, நாங்கள் பயப்படுவோம் என்று எங்களுக்காகப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாய். இன்று காலையில் மாட்டிவிட்டேன். அம்மாவை உள்ளே நிற்க வைத்து வெளியிலிருந்து திறந்து பார்த்தேன், மூன்று விநாடி. பதினொரு தடவை பார்த்தேன், பன்னிரண்டாவது தடவை அவள், நான் குளிக்கணுமா வேண்டாமா என்று தண்ணீரை முகத்தில் ஊற்றிவிட்டாள். உன் தம்பி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சத்தமே இல்லாமல் இருந்தான், வெளியே வந்தபோது பட்டம் கட்டின மாதிரி முகம். அம்மாவுக்கு மட்டும் பழக்கம் போகவில்லை, பாடிக்கொண்டுதான் குளிக்கிறாள்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அப்பாவின் ஆசீர்வாதத்தைச் சொல். விடுமுறைக்கு அவர்களையும் அழைத்து வா, குறட்டைக்காரிக்கு நம் முன்னறைக் கட்டிலை ஒதுக்கிவிட்டேன், கட்டில் ஆடினால் ஆடட்டும். பார்சலில் உங்கள் அறைக் கதவுக்கு நல்ல பூட்டு ஒன்றும் நான்கு சாவிகளும் வைத்திருக்கிறேன், வார்டன் அம்மாவிடம் கேட்டுவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு சாவி. நீ நன்றாகப் படித்து நூறு வருஷம் இருக்க வேண்டும். மாத்திரையை மறக்காதே, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இதைச் சொல்லாமல் இருக்க மட்டும் என்னால் முடியாது, பொறுத்துக்கொள். நாணயத்தைக் குளியலறைக் கதவின் நிலைக்கு மேலே வைத்திருக்கிறேன். நீ வரும்போது உள்ளே போ, தாழ்ப்பாளைப் போடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. பாட வேண்டாம்மா. பாட ஆசையாக இருந்தால் பாடு.

இப்படிக்கு,
ஏழு வருஷமாகக் குளியலறைக்கு வெளியே நின்ற
உன் அப்பா