வாலை இழுக்காத நீரோட்டம்

என் கணவருடன் பிறந்தவளே, எனக்குத் தோழியாய் வாய்த்தவளே,

இன்று காலை கூடத்தின் நடுவே ஒரு பெட்டியைப் பிரித்தேன். மீன்தொட்டிக்கான புதிய வடிகட்டி. உள்ளிருந்து கிளம்பிய புது ரப்பர்க் குழாயின் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். ஸ்கூடாய் ஊர்க் கடையிலிருந்து உன் முதல் வடிகட்டியைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தாயே, அந்த மாலையிலும் இதே நெடிதான் இந்தக் கூடத்தை நிறைத்திருந்தது. நீ மறைந்து இரண்டு தீபாவளிகள் கடந்துவிட்டன. உன் தங்கமீன்கள் இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. இருப்பது மட்டுமன்று, பழைய தொட்டி போதாத அளவுக்கு வளர்ந்தும் விட்டது. அதற்காகவே இந்தப் பெரிய தொட்டியும் புதிய வடிகட்டியும்.

மணவாழ்வு முறிந்து, ஒரேயொரு துணிப்பெட்டியுடன் நீ எங்கள் வீட்டுக்கு வந்த ஆண்டு என் நினைவில் அப்படியே இருக்கிறது. விடியுமுன் பேருந்து பிடித்து, எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போவாய், பேச்சற்றுத் திரும்புவாய். முன்வாசலில் நீ நட்ட ரோஜாச் செடி கருகியபோது, "என் கை ராசியில்லாத கை அண்ணி. நான் தொட்டது எதுவும் நிக்காது" என்றாய். செடி கருகியதற்கு வெயிலே காரணம் என்று நான் வாதிட்டேன். நீ நம்பவில்லை. பிறகு ஒரு சம்பள நாளில், எவரிடமும் சொல்லாமல், தொட்டியும் நீண்ட வால் தங்கமீன்கள் இரண்டும் வாங்கி வந்தாய். "இதாச்சும் உயிரோட இருக்கான்னு பாப்போம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் விளையாட்டு இல்லை என்பதை நான் அறிந்திருந்தேன்.

கடைக்காரர், இருப்பவற்றுள் விசை மிகுந்த வடிகட்டியை உன் தலையில் கட்டியிருந்தார். "பவர் கூடுனா நல்லதுதானே அண்ணி?" என்றாய். மறுநாள் அந்த மீன்கள் காற்றில் அகப்பட்ட பட்டுத் துணிகளைப்போல் சுழன்று, களைத்து, ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. உன் முகமும் அவ்வாறே ஆயிற்று.

நான் படிக்கத் தொடங்கினேன். ரப்பர்த் தோட்டப் பள்ளியோடு கல்வி நின்றுபோனவள் நான். அதன்பின் கற்றவை அனைத்தும் என் கண்களாலும் என் அகராதியாலும் எவரையும் அண்டாமல் கற்றவை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. சில மாலைகள் கழித்து உன்னை அமர வைத்து விளக்கினேன்: வடிகட்டும் ஆற்றல் வேறு, நீரோட்டத்தின் வேகம் வேறு. தங்கமீன் மிகுதியாகக் கழிவிடும். ஆதலால் அதற்குப் பெரிய வடிகட்டி வேண்டும். ஆனால் நீண்ட வாலைச் சுமந்துகொண்டு அதனால் எதிர்நீச்சல் போட இயலாது. ஆதலால் ஓட்டம் மென்மையாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் நீரில் உயிர்வளி குறைவதால், மேற்பரப்பு சிறிதேனும் அசைந்துகொண்டிருக்கவும் வேண்டும்.

"அலமாக்! நீங்க பேசறது ரேடியோ செய்தி மாதிரியே இருக்கு அண்ணி. இப்ப நான் என்ன செய்யணும், அத சொல்லுங்க லா."

"நீர் வெளியேறும் வாயைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்ப வேண்டும். வேகம் சுவரில் மோதித் தணிந்துவிடும்."

"அவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ நேரம் உக்கார வச்சீங்க?"

திருப்பினாய். சற்று நேரத்தில் இரு மீன்களும் மூலையை விட்டு வெளிவந்தன. நடுத்தொட்டியில் நின்ற மீனின் வால் எப்பக்கமும் இழுபடாமல் தளர்ந்து தொங்கியது. பெட்டியில் அச்சிட்ட எண்களைவிட அந்த வாலே நமக்கு அளவுகோலாயிற்று.

அவ்வாண்டுத் தீபாவளி நெருங்கியது. விசிறியின் இறக்கை முதல் சன்னல் கம்பி வரை கழுவித் துடைக்காமல் நம் வீடுகளில் தீபாவளி பிறப்பதில்லை. நான் முறுக்கு மாவு அரைக்கப் போயிருந்த வேளையில், நீ வடிகட்டியையும் விட்டுவைக்கவில்லை. உள்ளிருந்த பஞ்சைக் குழாய் நீரில் புதிதுபோல் ஆகும்வரை பிழிந்து, கொடியில் காயப்போட்டு, "எவ்ளோ அழுக்கு தெரியுமா!" என்று பெருமையோடு காட்டினாய். அந்தப் பழுப்பு அழுக்கில்தான், மீனின் கழிவு நஞ்சாகாமல் காக்கும் நுண்ணுயிர்கள் குடியிருந்தன. குழாய் நீரின் குளோரினும் வெயிலும் அவற்றை அழித்துவிட்டன. நான் அதைச் சொன்னதும் நீ கொடியைப் பார்த்தபடியே நின்றாய்.

தீபாவளிக் காலையில், எண்ணெய்க் குளியல் முடித்து வந்து பார்த்தால், மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. புதுப்புடவையோடு தரையில் அமர்ந்துவிட்டாய். "பாத்தீங்களா? சொன்னேன்ல, என் கை."

குளோரின் நீக்கிய நீரைக் கொஞ்சம் மாற்றினோம். அது சற்று நேரந்தான் தாங்கும். நெடுநாள் ஓடிய தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால் நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறும் என்று படித்திருந்தேன். மூன்றாம் வீட்டுச் சீனப் பெரியவரிடம் அத்தகைய தொட்டி இருப்பதும் எனக்குத் தெரியும். ஆயினும், பண்டிகை நாளில் அயலார் வாசலில் நின்று அழுக்குப் பஞ்சு கேட்பதா? "வேறு வழி உண்டா எனப் படித்துப் பார்க்கிறேன்" என்றேன்.

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாய். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள இதுங்க செத்துரும் அண்ணி. தீபாவளிக்கு எல்லாரும் பலகாரம் கேட்டு வருவாங்க. நான் போய் அழுக்கு கேட்டுட்டு வரேன்."

முறுக்குத் தட்டோடு போனவள், பெரியவரையே அழைத்து வந்தாய். அவர் கையில் நெகிழிப் பை. பைக்குள் சொட்டச் சொட்டப் பாதிப் பஞ்சு. "ஹேப்பி தீபாவளி! இது நல்ல அழுக்கு, ரொம்ப வருஷத்து அழுக்கு" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். அன்று வந்த விருந்தினர் அனைவரும் தொட்டியருகே அமர்ந்திருந்த உன்னைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். அவ்வாரம் முழுவதும் நாள்தோறும் சிறிது நீர் மாற்றினோம், உணவைக் குறைத்தோம். பிறகொரு காலையில் இரு மீன்களும் அடியிலிருந்த கூழாங்கற்களைக் கிளறி இரை தேடிக்கொண்டிருந்தன. நீ உன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அடுத்த வாரம் முன்வாசலில் கறிவேப்பிலைக் கன்று நட்டாய். அது இப்போது மதிலைத் தாண்டி நிற்கிறது.

நோயுற்றபின் மருத்துவமனையிலிருந்து நீ அழைத்ததும் மீன்களுக்காகத்தான். "அண்ணி, பஞ்ச குழாயில கழுவிடாதீங்க" என்றாய். சிரித்தோம், இருவருமே.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் புதிய வடிகட்டி தொட்டிக்கு வெளியே, கீழே நிற்பது. பழைய பஞ்சை உள்ளே வைத்து, குழாய்களைப் பூட்டி இயக்கினேன். இரைச்சல் வந்தது, நீர் வரவில்லை. உன் மீன் வாளியில் காத்திருந்தது. கையேட்டை முழுவதும் படித்தேன். இன்னொரு முறை படிக்கத் திறந்தவள், மூடி வைத்துவிட்டு மூன்றாம் வீட்டுக்கு நடந்தேன். அவ்வாசலில் நான் தனியே நின்றது இதுவே முதன்முறை. எனக்குத் தெரியவில்லை, வந்து பார்க்க இயலுமா என்று மலாயில் கேட்டேன். பெரியவர் கைத்தடியோடு மெல்ல வந்தார். குழாயைத் தூக்கிக் குலுக்கினார். அடைபட்டிருந்த காற்று குமிழ்களாய் வெளியேறி, நீர் பாய்ந்தது. வெளிவாயைச் சுவரை நோக்கித் திருப்பி, மீனை விட்டோம். "இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் உனக்கு என் வீட்டுக்கு வழி தெரிந்ததா?" என்று கேலி செய்தபடி காப்பி குடித்துவிட்டுப் போனார்.

கேட்க வேண்டியவை எனக்கு இன்னும் நிறைய இருக்கின்றன. கார் ஓட்டக் கற்க வேண்டும். அது புத்தகத்தில் வருவதன்று. பக்கத்து வீட்டுப் பெண் நாளை காரில் வேலைக்குப் புறப்படுமுன் அவளிடம் கேட்டுவிடுவது என முடிவு செய்திருக்கிறேன். அந்நேரத்தில் என் தமிழ் தடுமாறி நின்றால், உன் தமிழில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணி