திருப்பி வைத்த அம்பு

1935 ஜனவரி 21, திங்கள்

எங்கள் சாரணர் அணிக்குத் தலைவன் ஜானகிராமனாம்! லோகநாதன் சார் அறிவித்துவிட்டார். திருநின்றவூரிலிருந்து வந்து நாலு மாசம் ஆகவில்லை, சட்டை மடிப்புக் கலையாத பயல். அதுகூடப் போகட்டும். முதலில் கைதட்டியவன் யார்? கங்காதரன். அண்ணனூரில் என் பக்கத்து வீட்டுக்காரன், டவுசர் போடாத காலத்திலிருந்து என் கூட்டாளி. அவனுக்குத் தட்டக் கை இருக்கிறது, என் வீட்டுப் பக்கம் வரத்தான் கால் இல்லை.

ஜனவரி 25, வெள்ளி

ஜானகிராமன் தொப்பிக்குள் தவளை வைத்தேன். அலறவில்லை. “இன்னாடா, ஏரியில எடம் இல்லியா ஒனக்கு?” என்று தவளையைக் கேட்டான். கங்காதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தவளை என்னுடையது, சிரிப்பு அவனுக்கு!

பிப்ரவரி 2, சனி

நகரி மலை. செங்குத்து. தொடை இரண்டும் இன்னும் நடுங்குகின்றன.

பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவன் கற்களை அம்பு போல அடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து நடப்பார்கள். அடுக்கும் வேலை எனக்கு. தலைவன் எல்லோருக்கும் கடைசியாக வர வேண்டும்.

கடைசிப் பிரிவில் வலப்பக்கம் அம்பு வைத்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒளிந்தேன். மற்றவர்கள் போனதும், தலைவன் வருவதற்குள் அம்பை இடப்பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் முட்புதர்தான். தலைவர் கொஞ்சம் வனவாசம் போய் வரட்டுமே!

வந்தது இரண்டு பேர். கங்காதரன் அவனுக்காகப் பின்தங்கியிருக்கிறான்.

“எடது பக்கம், வா தலைவா.”

தலைவாவாம். எனக்கு என்றைக்கும் ‘டேய்’தான்.

கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மறைந்ததும் அம்பைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுக் குறுக்கே தாவி ஏறினேன். உச்சியில் முதல் ஆள் நான். காற்றுதான் அடித்தது.

நாங்கள் இறங்கி வந்து வெகுநேரம் கழித்து, நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கங்காதரனுக்கு முட்டி கிழிந்திருந்தது. ஜானகிராமன் அவனை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். முதுகில்!

“நான்தான் அம்ப தப்பா பாத்துட்டேன் சார்” என்றான். சார் அவன் தலைவன் பட்டையைக் கழற்றி என் சட்டையில் குத்தினார்.

பிப்ரவரி 4, திங்கள்

கங்காதரன் நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு!

“மச்சான், எனுக்கும் எடது பக்கம்தான் தெரிஞ்சிது. ரெண்டு பேருக்குமா கண்ணு அவிஞ்சி பூடும்?”

“வெயில்ல கூசியிருக்கும்டா.”

நம்பினான். ஐயோ, உடனே நம்பிவிட்டான்.

பிப்ரவரி 5, செவ்வாய்

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 6, புதன்

எல்லோருக்கும் எதிரில் சொல்லிவிட்டேன். பட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். மூன்று மாசத்துக்கு அணியில் இடமில்லை என்றார் சார்.

கங்காதரன் ஒன்றுதான் கேட்டான். “நாங்க போறத பாத்துகினேவா இருந்த?”

“ஆமாம்.”

அவ்வளவுதான். நொண்டி நொண்டிப் போய்விட்டான்.

பிப்ரவரி 16, சனி

ஜானகிராமன் வீட்டுக்கு வந்தான். சாரணர் முடிச்சுகள் எனக்கு மறந்துபோகக் கூடாதாம், கயிற்றைக் கொண்டுவந்து கற்றுக்கொடுத்தான். நல்லவனாக வேறு இருக்கிறான், சனியன்!

“கங்காதரன் என்னைத் திட்டுறானா?” என்று கேட்டேன்.

கயிற்றையே பார்த்துக்கொண்டு, “இல்லியே. ஒன்ன பத்திப் பேசறதே இல்ல” என்றான்.

திட்டுகிறான் என்று சொல்லியிருக்கலாம்.