காலண்டருக்குப் பின்னால் இருந்த ஓதம்

ஐப்பசி 18, செவ்வாய்

கோச்சடை வீட்டின் கீழ்த்தளத்தை முருகேசனுக்கு ஒத்திக்கு விட்டு மூன்று வருடம் முடிந்துவிட்டது. மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அவர் கொடுத்த மொத்தத்தையும் திருப்பித் தர வேண்டும். நான் அந்தப் பணத்தில் மாடி எழுப்பிவிட்டேன். மனைவிக்கு ஆபரேஷன் என்று வந்து கேட்டவரிடம், "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தாரேன்" என்று சொன்னேன்.

இன்று சமயநல்லூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முருகேசனே முன்னால் நின்று வீட்டைக் காட்டினார். மாடி கட்டியதிலிருந்து பின்னறைச் சுவரில் ஓதம். ஒவ்வொரு மழைக்கும் சொன்னார், நான் ஆள் அனுப்பவில்லை. இன்று அந்த இடத்தில் பெரிய காலண்டர் தொங்கியது. நான் மாட்டவில்லை.

"சுவத்துல ஓதம் கீதம் இருக்காண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லம்மா, நல்ல வீடு" என்றார்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பணத்தோடு வருகிறார்கள்.

வாசல் வரை வந்த முருகேசன், "பொய் சொல்லிட்டேண்ணே. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

எனக்கு வழி இருந்தது. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் போதும்.