பேஷ் இல்லாத பாட்டு

மட்டாஞ்சேரி,
12-6-1984

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ மஸ்கட்டில் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானே என் மனத்துக்குச் சொல்லிக்கொண்டு நாளை ஓட்டுகிறேன், அதை உன் கையெழுத்தில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நம்புவேன். மழை இந்த வருஷம் சரியாகப் பிடித்துக்கொண்டது, கிணற்றடியெல்லாம் ஒரே வழுக்கல். அம்மா போனபிறகு ஒரு வேளைதான் அடுப்பு மூட்டுகிறேன், ராத்திரிக்கு மோரும் சாதமும் போதும், அதற்காக நீ கவலைப்படாதே. உன் கமலாக்ஷி அத்தை ஏலூரிலிருந்து வந்து, தனியாகக் கிடந்து என்ன செய்கிறாய் அண்ணா, என்னோடு வந்துவிடு என்றாள். தொழிற்சாலைச் சங்கு கேட்டு எழுந்திருக்க என்னால் ஆகாது என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அவள் பஸ் ஏறிப் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

நீ கொடுத்தனுப்பிய டேப் ரிக்கார்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பு பார்ட்டியின் பாட்டை ஒரு கேசட்டிலாவது பிடித்து அனுப்பு அப்பா, இங்கே காது வறண்டு கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. பள்ளுருத்திக் கல்யாணத்தில்தானே அவர்களை முதலில் கேட்டோம், நீ அப்போது அரை நிஜார் போட்ட பையன். அப்புச் சேட்டன் ஹார்மோனியத்தில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார், உம்மர் தபலாவில் மறிக்கிறான், அந்தோணி புல்புல் தாராவின் தந்தியைத் தட்டிக்கொண்டு குறுக்கே புகுந்து பாட்டை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறான், இலை போட்டாச்சு என்று கூப்பிட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் வைட்டிலா, ஃபோர்ட் கொச்சி என்று அவர்கள் வாசிக்கிற கல்யாண வீடெல்லாம் நம் வீடாகிவிட்டது. அதே பாட்டுதான், ஆனால் ஒருநாள் போல மறுநாள் இருக்காது. நீ முன்னால் ஓடி ஜமக்காளத்தில் துண்டை விரித்து எனக்கு இடம் பிடிப்பாய். கூப்பிடாத கல்யாணத்துக்குப் போகிறீர்களே, அப்பனுக்கும் வெட்கமில்லை பிள்ளைக்கும் வெட்கமில்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நாம் பாட்டுக்குத்தான் போகிறோம், பந்தியில் கை நனைப்பதில்லை என்று நமக்குள் ஒரு கௌரவம் இருந்ததே, நினைவிருக்கிறதா.

போன ஞாயிற்றுக்கிழமை சேர்லாயில் ஒரு கல்யாண வீட்டில் மத்தியானம் அவர்கள் கச்சேரி. நான் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். உனக்குப் போகிற கேசட்டில் பாட்டைத் தவிர வேறு சத்தம் விழக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஜமக்காளத்தில் இருந்த அத்தனை பேரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன், மஸ்கட்டிலிருக்கிற பையனுக்கு என்றதும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு இருமல் இல்லை. என்ன ஆயிற்று தெரியுமா, அரை மணி நேரம் போகிற பாட்டு சாயா ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அப்புச் சேட்டன் துருத்தியை மூடிவிட்டு வாடிய முகத்தோடு, எந்தா சாமி, இன்னிக்கு இஷ்டப்பட்டில்லே என்று கேட்டார். நான் டேப்பைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, நீங்க பேஷ் சொல்லாம நான் எவிடே திரும்பணும்னு எனக்கு எப்படித் தெரியும் சாமி என்றார். இத்தனை வருஷம் அவர்கள் பின்னாலேயே அலைந்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே. கேட்கிறவன் வாயைத் திறந்தால்தான் அவர்களுக்கு அடுத்த வரி எழும்புமாம்.

கேசட்டைத் திருப்பிப் போட்டு, எல்லோரும் பழையபடி இருங்கள் என்றேன். அப்புறம் பார்க்கவேண்டுமே. ஒரு இடத்தில் உம்மர் தபலாவிலிருந்து கையை எடுத்துவிட்டான், அப்புச் சேட்டன் ஒற்றைக் கட்டையை அழுத்தியபடியே இருக்கிறார், பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சட்டென்று மூன்று பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். நான் என்னையே மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, நல்ல இடத்திலெல்லாம் என் பேஷ்தான் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பேஷ் இல்லை. கேட்டியாடா வெங்கிட்டு என்று ஒரு கிழட்டுக் குரல் கூப்பிடுகிறது. அதற்கப்புறம் பாட்டு முடியும்வரை அந்தக் குரல் வரவே இல்லை. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிவிட்டேனடா, பக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அதை அழித்துவிடலாமா என்று பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன், மனம் வரவில்லை. அம்மாவின் வருஷாப்திகத்துக்கு லீவு இல்லை என்று எழுதினாய், சரி என்று பதில் போட்டேன், இதுவரை ஒரு கடிதத்திலும் நான் வா என்று எழுதியதில்லை. இப்போதும் எழுதக் கை ஓடவில்லை. கேசட்டில் இருக்கிறது, கேட்டுக்கொள்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக, மனநிறைவோடு இரு. கேசட்டின் முதல் பக்கத்தைக் கேட்காதே, திருப்பிப் போட்டுக் கேள். ஓணத்துக்கு அப்பு பார்ட்டி வைட்டிலாவில் வாசிக்கிறார்களாம். இந்தத் தரம் நான் முன்னால் போய்த் துண்டை விரித்து வைக்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
கல்யாணராமன்