மேல்வீட்டு நடை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். இதைத் தங்கச்சிதான் படித்துக் காட்டுவாள். ஒரு வரியையும் விழுங்காமல் படிக்கச் சொல்.

என்னோடு தங்க வந்த நீ, வேலை இருக்கிறது என்று பாதியில் கிளம்பிப் போனதன் காரணம் எனக்குத் தெரியும். வீட்டுக்காரர், அதுதான் கீழ்வீட்டு மேனேஜர், உன்னைப் படிக்கட்டில் நிறுத்தி, குதிகாலைப் போட்டு நடப்பது வளர்ப்புக் கோளாறு என்றாராம். அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஓய்வு பெற்றுவிட்டார். நிர்வகிக்க இப்போது நம் கால்கள்தான் மிச்சம்.

மேலே நான் குடியிருக்கும் வீட்டில் அவர் போட்டிருக்கும் மரத்தரையை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். போன வாரம் கதவோரம் ஒரு பலகை பெயர்ந்தது. அடியில் வெறும் சிமெண்டு. சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் விரிப்புகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். ஆமாம், நானேதான் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பொருளை எவனாவது வாங்குவானா என்றார். மூளையையும் அதனால்தான் வாங்காமல் விட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. எதிரே ஆள் நின்றால் என் வாய் திறக்காது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

தரையில் குறையில்லை, நடையில்தான் குறை, நடந்து காட்டுகிறேன் பார் என்று மேலே வந்தார். செருப்பைக் கழற்றினார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ராஜா பவனி வருவதுபோல ஜன்னலிலிருந்து சமையலறை வரை நடந்தார். திரும்புவதற்குள் கீழிருந்து அவர் மனைவியின் குரல்: அந்தம்மா மறுபடியும் வந்துட்டாளா, வீடே அதிருதே, மேல போய் என்னன்னு கேளுங்களேன் என்று.

நான் குனிந்து அவர் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். நுனிக்காலில் இறங்கிப் போனார், திருடன் மாதிரி.

மறுநாளே ஆள் வந்து பலகைகளைப் பிரித்து, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டுவிட்டுப் போனான். மன்னிப்பு மட்டும் வரவில்லை. அந்தச் சரக்கு அவரிடம் கிடையாது.

தங்கச்சி விடுதிக்குப் போனபிறகு அங்கே நீ தனியாக இருக்க வேண்டாம். சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று எங்களைப் படிக்கவைத்த கால் உன்னுடையது. இங்கே சத்தம் கேட்காதிருக்க அதில் காலுறையை மாட்டி, சுவரைப் பிடித்து, மூச்சடக்கி நீ நடந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய். அந்தக் காலுறைகளை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய். அவற்றால்தான் ஜன்னல் துடைக்கிறேன்.

வேறு வாங்கி வராதே. காலை அழுந்த ஊன்றி வா, அம்மா.

கதவைத் திறந்து வைத்திருக்கும்,
உன் பெரியவள்