தப்பான மண்டபம்

அன்புள்ள மோகன்ராஜ் தம்பிக்கு,

நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு என் மகன் சாலமன் போய் ஒரு வருஷம். வீட்டில் ஜெபம் வைத்திருக்கிறேன்.

நேற்று அவன் சட்டைகளை மடிக்கும்போது சேலையூர் கல்யாணம் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். உங்கள் மியூசிக் பேண்டைக் கூப்பிட்டது ஒரு மண்டபத்துக்கு, நாலு பேரும் போய்ப் பாடியது பக்கத்து மண்டபத்தில். மூன்றாவது பாட்டில்தான் சாலமன் டிரம்ஸ் அடித்துக்கொண்டே, "மச்சான், இது நம்ம பொண்ணு இல்லடா" என்றானாம்.

"பொண்ணே ஆடிகினு கீது, நிறுத்தாதடா" என்றாயாம் நீ. இதைச் சொல்லிச் சொல்லி, சோறு புரையேறச் சிரிப்பான்.

எட்டு மாசம்தான் உங்கள் பேண்ட். போஸ்டரில் யார் முன்னால் நிற்பது என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக் கலைத்தீர்கள். அப்புறமும் அவன் உன் பாட்டைத்தான் தட்டில் தட்டிக்கொண்டு சாப்பிடுவான். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

ஜெபம் முடிந்ததும் அந்தப் பாட்டை நீங்கள் பாட வேண்டும். மற்ற இரண்டு பேரும் வருகிறார்கள். நீயும் கிடாரோடு வா. டிரம்ஸுக்கு ஆள் தேடாதே, ஒரு மாசமாக நானே அடித்துப் பழகுகிறேன். கீழ் வீட்டு ஷீலா, "ஞாயித்துக்கிழமை எப்பக்கா வரும்?" என்று தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நாலு பேருக்கும் டீ போட்டவள்